அரசனுக்கு எத்தனை பேரப்பிள்ளைகள்?

போன வருடம் எங்கள் தொழிற்சாலைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். புது இயந்திரம் ஒன்றைப் பொருத்திக் கொடுக்க மூன்று வாரம். அறுபதை நெருங்கிய மனிதர், அதிகம் பேசமாட்டார். கடைசி வாரம் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை எடுத்து என் பக்கம் திருப்பினார். திரை முழுக்கப் பெட்டி பெட்டியாகப் பெயர்கள், பெட்டிகளுக்கு நடுவே கோடுகள். பார்த்தவுடன் ஏதோ மின்சுற்று வரைபடம் என்றுதான் நினைத்தேன். ஓய்வு நேரத்தில் பன்னிரண்டு வருடமாகத் தேடித் தேடிச் சேர்த்த அவருடைய வம்சாவளியாம். மேலே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மகுடம். மூன்றாம் எட்வர்ட், இங்கிலாந்தின் அரசர், 1312 முதல் 1377 வரை.

"என் தாத்தா," என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் பக்கம் நான்காவது பெட்டியிலேயே கோடு அறுந்துவிடும். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில், போக்குவரத்து நெரிசலில் நின்றபோது, பொறியாளர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அவர் எத்தனை பெட்டிகளைத் தாண்டி மேலே போனார்? அந்த உயரத்தில் மொத்தம் எத்தனை பெட்டிகள் இருந்திருக்க வேண்டும்?

கணக்கு எளிது. நமக்குப் பெற்றோர் இரண்டு பேர், தாத்தா பாட்டிகள் நான்கு பேர், அதற்கு மேல் எட்டு, பதினாறு. ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டிப்பு. எட்வர்டுக்கும் இன்றைக்கு வாழும் ஒருவருக்கும் இடையில் சுமார் 24 தலைமுறை. இரண்டை 24 முறை பெருக்கினால் 16,777,216. அதாவது என் நண்பருக்கு எட்வர்டின் காலத்தில் 16.7 மில்லியன் 'தாத்தா பாட்டி' இடங்கள் இருந்தன. எட்வர்ட் இறந்த 1377ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் முதல்முறையாகத் தலைவரி போட்டார்கள், பதினான்கு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் நான்கு பென்ஸ். அந்த வரிக்கணக்கை வைத்து அன்றைய மக்கள்தொகையை வரலாற்றாசிரியர்கள் ஏறக்குறைய 2.5 மில்லியன் என்று மதிப்பிடுகிறார்கள். பிளேக் வந்து முப்பது வருடம்கூட ஆகாத நாடு அது. 1348இல் எட்வர்டின் சொந்த மகள் ஜோனே, கல்யாணத்துக்காகக் கஸ்டீலுக்குப் போகும் வழியில் பிளேக்கில் செத்துப்போனாள்.

2.5 மில்லியன் பேரை வைத்துக்கொண்டு 16.7 மில்லியன் இடங்களை எப்படி நிரப்புவது? ஒரே ஆளைப் பல பெட்டிகளில் உட்கார வைத்தால்தான் முடியும். தூரத்துச் சொந்தக்காரர்கள் என்று தெரியாமலேயே இருவர் கல்யாணம் செய்துகொள்ளும்போது அவர்களுடைய பிள்ளைக்கு மேலே இருக்கும் மரம் ஓரிடத்தில் சுருங்குகிறது. தெரிந்தே செய்வதும் உண்டு. ஸ்பெயினின் நான்காம் பிலிப் தன் தங்கை மகளையே மணந்தார். (நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டிய மாமன்கள் இருக்கிறார்கள், அதனால் நாம் ரொம்பவும் முகம் சுளிக்க வேண்டாம்.) அவர்களுக்குப் பிறந்த இரண்டாம் சார்லஸுக்குத் தந்தை வழித் தாத்தா பாட்டியே தாய்வழிக் கொள்ளுத் தாத்தா பாட்டியும் ஆனார்கள். பல தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக் கட்டி, வாரிசு இல்லாமல் 1700இல் அவர் இறந்தார். அந்த நாற்காலிக்காக ஐரோப்பா பத்து வருடத்துக்கு மேல் சண்டை போட்டது.

இந்தச் சுருக்கத்தை முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஜோசப் சாங். 1999இல் வந்த அவருடைய கட்டுரை ஒரு கற்பனைச் சமூகத்தை எடுத்துக்கொள்கிறது. அங்கே யாரும் யாரையும் கட்டிக்கொள்ளலாம். ஒரு மில்லியன் பேர் கொண்ட சமூகமாக இருந்தால் சுமார் 20 தலைமுறைக்கு முன்னாலேயே எல்லோருக்கும் பொதுவான ஒரு மூதாதை கிடைத்துவிடுகிறார். இன்னும் பின்னால், 35 தலைமுறை போனால் விசித்திரமான ஓர் எல்லை வருகிறது. அந்த எல்லையில் வாழ்ந்தவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் இன்றைக்கு இருக்கும் எல்லோருக்கும் மூதாதை. மீதி 20 விழுக்காட்டினர் யாருக்குமே மூதாதை இல்லை, அவர்களுடைய வழி எங்கோ அற்றுப்போயிருக்கும். நடுவில் யாரும் கிடையாது. 'சிலருக்கு மட்டும் தாத்தா' என்ற பதவியே அந்த எல்லையில் இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவுப் பாடத்தை நாங்களும்தான் படித்தோம். குறைபாடுள்ள சில்லுகளை எண்ணுவதைத் தவிர இதனால் ஏதும் பயன் உண்டு என்று யாரும் சொல்லவில்லை.

நிஜ ஐரோப்பா கற்பனைச் சமூகம் இல்லை. மலை, கடல், மொழி, மதம் எல்லாம் குறுக்கே நின்றன. இருந்தாலும் 2013இல் பீட்டர் ரால்ஃப், கிரஹாம் கூப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2,257 ஐரோப்பியர்களின் மரபணுத் தரவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கண்டத்தின் இரு முனைகளில் இருப்பவர்களுக்குக்கூடக் கடந்த ஆயிரம் வருடத்துக்குள் ஏராளமான பொது மூதாதையர் இருப்பது தெரிந்தது. 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ரோமில் முடிசூடிய சார்லமேன் பேரரசரை எடுத்துக்கொண்டால், நமக்கும் அவருக்கும் இடையே நாற்பதுக்கு மேல் தலைமுறை. பிள்ளைகளோ ஒரு டஜனைத் தாண்டும். ஐரோப்பிய வம்சத்தில் வந்த ஒருவர் 'நான் சார்லமேனின் வாரிசு' என்று சொன்னால், 'ஆமாம், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும்தான்' என்று தாராளமாகப் பதில் சொல்லலாம். எட்வர்ட் விஷயத்தில் நான் இவ்வளவு உறுதியாக இருக்கமாட்டேன். இன்றைய ஆங்கிலேயர் கிட்டத்தட்ட எல்லோரும் எட்வர்டின் வழி வந்தவர்கள் என்கிறார் மரபியலாளர் ஆடம் ரூதர்ஃபோர்ட். 24 தலைமுறை என்பது சாங் சொன்ன எல்லையைவிடக் கிட்டத்தில் இருப்பதால், 'எல்லோரும்' என்பது கொஞ்சம் அவசரமாகத் தோன்றுகிறது எனக்கு. மிகப் பலர் என்று சொன்னால் சண்டை இல்லை.

அப்படியென்றால் அரச ரத்தம் எப்படித்தான் கீழே இறங்கியது? அரசர்கள் அரசர்களையும் பிரபுக்கள் பிரபுக்களையும்தானே கட்டிக்கொண்டார்கள்?

இதற்கு விடை சொத்துச் சட்டத்தில் இருக்கிறது. மூத்த மகனுக்கே நிலம் என்பது இங்கிலாந்தின் வழக்கம். இரண்டாவது மகன் படைக்கோ தேவாலயத்துக்கோ போக வேண்டும். மூன்றாவது மகனின் மகளுக்கு வரதட்சணை தேறாது. அவள் ஊரில் ஓரளவு வசதியான நிலக்கிழாரைக் கட்டிக்கொள்வாள். அவளுடைய பேத்தி ஒரு துணி வியாபாரியை. அந்த வியாபாரியின் கடைசி மகன் லண்டனுக்குப் பிழைக்க வருவான். ஐந்தாறு தலைமுறையில் அரண்மனையிலிருந்து சந்துக்கு வந்துவிடலாம். மேலே ஏறுவதற்குத்தான் படி வேண்டும். இறங்குவதற்கு மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தால் போதும்.

இதற்கு நல்ல உதாரணம் டேனி டையர். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் மதுக்கடைக்காரராக நடித்த கிழக்கு லண்டன் நடிகர். அந்தப் பகுதிப் பேச்சுமொழியும் முரட்டு வேடங்களும்தான் அவருடைய அடையாளம். 2016இல் பிபிசியின் வம்சாவளி நிகழ்ச்சியில் அவருடைய குடும்பத்தைத் தோண்டினார்கள். லண்டனின் ஏழைக் குடும்பங்களிலிருந்து கோடு சஃபோக் வட்டாரத்தின் கோஸ்னோல்ட், டாலமாஷ் என்ற நிலக்கிழார் குடும்பங்களுக்குப் போனது. அங்கிருந்து எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு. குரோம்வெல்லின் மகன் கிரெகரி மணந்தது அரசி ஜேன் சீமோரின் சகோதரி எலிசபெத்தை. சீமோர்களின் தாய்வழியில் ஏறினால் மூன்றாம் எட்வர்ட். என் நண்பரின் அதே மகுடப் பெட்டி!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் எட்வர்ட் இல்லை, குரோம்வெல்தான். பட்னியில் கொல்லுப்பட்டறையும் மதுக்காய்ச்சும் தொழிலும் வைத்திருந்தவரின் மகன். மூளையால் மேலே வந்து 1540இல் தலையை இழந்தவர். 1538இல் அவர் ஓர் ஆணை போட்டார். நாட்டிலுள்ள ஒவ்வொரு தேவாலயப் பங்கும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அதில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாராவாரம் எழுத வேண்டும். புது வரி வரப்போகிறது, அதற்குத்தான் தலையை எண்ணுகிறார்கள் என்று சனங்கள் பயந்தார்கள். வரி வரவில்லை. ஆனால் அன்றுமுதல் இடையனுக்கும் சலவைக்காரிக்கும்கூட ஒரு வரி எழுதப்பட்டது. நானூற்றைம்பது வருடம் கழித்து ஒரு கிழக்கு லண்டன்காரரைப் பின்னோக்கித் தேடிப் போகிறவர்கள் பிடித்துக்கொண்டு ஏறுவது இந்தப் பதிவேடுகளைத்தான்.

1538க்கு முன்னால்? அங்கேதான் தந்திரம் இருக்கிறது. அதற்கு முன்னால் ஏழையின் பிறப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. நிலம் வைத்திருந்தவன் செத்தால் மட்டும் விசாரணை நடத்தி, நிலம் எவ்வளவு, வாரிசு யார், வாரிசின் வயது என்ன என்று எழுதினார்கள். ஆகவே பின்னோக்கிப் போகும்போது ஏழை மூதாதையர்கள் ஒவ்வொருவராக இருட்டுக்குள் போய்விடுகிறார்கள். நிலக்காரர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். இன்னும் மேலே போனால் பிரபுக்கள், அதற்கும் மேலே அரசர்கள். புனல் மாதிரி. 16.7 மில்லியன் பெட்டிகளில் 16 மில்லியனுக்கு மேல் உழவனும் உழத்தியுமாகத்தான் இருந்திருப்பார்கள். தாள் எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் நாம் நிற்கிறோம். நின்றுவிட்டு 'என் தாத்தா அரசர்' என்கிறோம்.

தாள் கிடைக்காதவர்கள் தாள் செய்தார்கள். இதில் அரசர்களே முன்னோடிகள். ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் தங்கள் வம்சத்தை வோடன் என்ற பழைய தெய்வத்திடம் கொண்டுபோய் முடித்தார்கள். கிறிஸ்தவம் வந்த பிறகு வோடனோடு நிற்க முடியாதே. அவனுக்கும் மேலே பெயர்களைச் சேர்த்து நோவாவுக்கும் அங்கிருந்து ஆதாமுக்கும் கோடு போட்டார்கள். நோவாவின் பேழையிலேயே பிறந்த ஒரு மகனை இதற்காகவே உண்டாக்கினார்கள். விவிலியத்தில் அப்படியொரு பிள்ளை கிடையாது. ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் சம்பளம் கொடுத்து அறிஞர்களை வைத்து டிராய் நகர ஹெக்டர் வரை போனார். அரசர்கள் செய்தால் புராணம், மற்றவர்கள் செய்தால் மோசடி. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குஸ்தாவ் ஆன்ஜூ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். நிஜ ஆவணங்களுக்கு நடுவே நைசாகப் பொய் ஆவணங்களைச் செருகுவது அவர் பாணி. அவர் கட்டிய சில மரங்கள் இன்றைக்கும் ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்து உலவுகின்றன. சோதிக்காத தரவு எங்கள் துறையிலும் இப்படித்தான் பரவும்.

இலக்கிய வாசகர்களுக்குத் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' ஞாபகம் வந்திருக்கும். 1891இல் வந்த நாவல். ஓர் ஏழை வண்டிக்காரனிடம், நீ நார்மன் வீரர் பரம்பரையில் வந்தவன் என்று பாதிரியார் ஒருவர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு செய்தியில் குடும்பமே கவிழ்கிறது. மகளைச் 'சொந்தக்கார' செல்வந்தர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தச் செல்வந்தர்களோ பிரபுப் பெயரைத் தாங்களாக எடுத்து ஒட்டிக்கொண்ட புதுப்பணக்காரர்கள். ரத்தம் இருப்பவனிடம் பணம் இல்லை, பணம் இருப்பவனிடம் ரத்தம் இல்லை, நடுவில் நசுங்குவது டெஸ். வம்சாவளிப் பெருமை யாருடைய தலையில் விடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன நாவலை நான் படித்ததில்லை.

சரி, மோசடியே இல்லாத தாள் என்றே வைத்துக்கொள்வோம். அதை நம்பலாமா?

2012 ஆகஸ்டில் லெஸ்டர் நகரத்தின் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டினார்கள். பழைய பிரான்சிஸ்கன் மடம் இருந்த இடம். வளைந்த முதுகெலும்போடு ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. 1485இல் பாஸ்வொர்த் போரில் கொல்லப்பட்ட மூன்றாம் ரிச்சர்ட், ஷேக்ஸ்பியர் கூனனாக்கி வைத்த அதே அரசர். அவர்தான் என்று எப்படி உறுதி செய்வது? அவருக்கு வாரிசு மிஞ்சவில்லை. ஆனால் ஆன் என்று ஓர் அக்கா இருந்தாள். தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும் ஒரு மரபணுத் துண்டு உண்டு. ஆனிடமிருந்து மகள், மகளின் மகள் என்று பெண் வழியாகவே பதினேழு தலைமுறை இறங்கி வந்தால் மைக்கேல் இப்சன் என்பவர் நிற்கிறார். கனடாவில் பிறந்து லண்டனில் மரச்சாமான் செய்யும் தச்சர். அவருடைய மரபணு எலும்புக்கூட்டோடு பொருந்தியது. 2015இல் ரிச்சர்டை மறுபடியும் அடக்கம் செய்தபோது சவப்பெட்டியைச் செய்தவரும் அவரே. ஐந்நூறு வருடத்துக்கு முந்திய தாய்மாமனுக்கு மருமகன் செய்த முறை என்று இதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை.

பெண்வழி பொருந்தியது. ஆண்வழியில்தான் வெடித்தது. ரிச்சர்டும் பியூஃபோர்ட் பிரபுக் குடும்பமும், தாளின்படி, மூன்றாம் எட்வர்டின் இரண்டு மகன்களிடமிருந்து பிரிந்தவர்கள். அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பியூஃபோர்ட் வழியில் வந்த ஐந்து ஆண்களைச் சோதித்தார்கள். ஒருவர்கூட ரிச்சர்டோடு பொருந்தவில்லை. நான்கு பேர் தங்களுக்குள் பொருந்தினார்கள். ஐந்தாமவர் அவர்களோடும் பொருந்தவில்லை. அதாவது எழுதி, முத்திரையிட்டு, பட்டம் கொடுத்துக் காப்பாற்றிய அந்த வம்சாவளியில் குறைந்தது இரண்டு இடங்களில், அப்பா என்று எழுதியிருப்பவர் அப்பா இல்லை.

எந்த இடம் என்று எலும்பு சொல்லவில்லை. பத்திரிகைகளோ டியூடர்களின் அரியணை உரிமை வரை போய்விட்டன. எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. ரிச்சர்டுக்கும் அந்த நால்வரின் பொது மூதாதையான ஐந்தாம் பியூஃபோர்ட் பிரபுவுக்கும் இடையில் 19 அப்பா-மகன் இணைப்புகள். ஓர் இணைப்பில் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலே, எங்காவது ஒன்று அறுந்திருக்கும் வாய்ப்பு ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு காவல் இருந்த கோட்டைகளிலேயே இப்படி. யாரோ ஒரு பிரபுவின் மனைவி, யாரோ ஒருவன். அவர்களுடைய ரகசியத்தை ஐந்தாறு நூற்றாண்டு எந்தத் தாளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பிரியம்கூட வருகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோடு முழுக்க உண்மையாகவே இருந்தாலும், எட்வர்டிடமிருந்து என் நண்பருக்கு எதுவும் வந்திருக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம்கள் முப்பது முப்பத்தைந்து இடங்களில் வெட்டி ஒட்டப்படுகின்றன. அப்படிப் பார்த்தால் 24 தலைமுறைக்கு முன்னால் நம் மரபணு மொத்தமும் சுமார் 1,500 துண்டுகளாகத்தான் சிதறியிருக்கும். பெட்டிகளோ 16.7 மில்லியன். ஒரு குறிப்பிட்ட பெட்டியிலிருந்து நமக்கு ஒரு துண்டாவது வந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று. எட்வர்ட் பல பெட்டிகளில் உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தாத்தாதான், ஆனால் உடம்பில் இல்லை.

இதையெல்லாம் மின்னஞ்சலில் நண்பருக்கு எழுதினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அது தெரிந்ததுதானாம். எட்வர்டை அவர் தேடவே இல்லையாம். அம்மாவைப் பெற்ற பாட்டி ஏன் தன் பிறந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றுதான் தேட ஆரம்பித்தாராம். எட்வர்ட் நடுவில் கிடைத்தார். பாட்டியின் ஊர் இன்னும் கிடைக்கவில்லை.

நம் பக்கத்துக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவரும்போது ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. வாட்சாப்பில் மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது 'நாங்கள் ஆண்ட பரம்பரை' என்று ஒரு படம் அனுப்புகிறார்கள், வாளோடும் புலியோடும். சாங் கணக்குப்படி அரசனின் ரத்தம் எல்லோருக்கும் பரவ வேண்டுமானால் எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும். 2013இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்தியத் துணைக்கண்டத்தில் மக்கள் கூட்டங்கள் தாராளமாகக் கலந்தது சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு என்றும், அதன்பின் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் இறுகிவிட்டது என்றும் சொல்கிறது. ஆக, சோழனின் ரத்தம் தன்னிடம் இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர், அது மற்றவனுக்குப் போகாமல் பார்த்துக்கொண்ட வேலியையும் சேர்த்தே பெருமைப்படுகிறார். வேலியில் ஓட்டையே இல்லை என்றும் நான் நம்பவில்லை. பியூஃபோர்ட் கோட்டையில் இருந்த ஓட்டை நம் ஊரில் மட்டும் இருந்திருக்காதா என்ன? ஆயிரம் வருடத்துக்குச் சில ஓட்டைகளே போதும். ஆனால் அந்த ஓட்டைகள் வழியாக வந்த பிள்ளைகளைப் பற்றி யாரும் படம் அனுப்புவதில்லை.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது பாட்டியிடம் உட்கார்ந்தேன். தாத்தாவின் அப்பா பெயர் சொன்னார். அவருக்கு அப்பா?

"யாருக்குடா தெரியும்? கப்பல்ல ஏறும்போதே அங்கயே விட்டுட்டு வந்துட்டாங்க."

அப்பா பக்கம் இருக்கும் வம்சப் பட்டியலில் ஆண்கள் மட்டும்தான். ஆனால் டேனி டையரின் கோடு எலிசபெத் சீமோர் என்ற பெண்ணைத் தாண்டித்தான் எட்வர்டிடம் போனது. ரிச்சர்டின் எலும்பை அடையாளம் காட்டியதும் மகள்களின் வழிதான். அதனால் கேள்வியை மாற்றினேன். "பாட்டி, ஒங்க அம்மா பேரு? அவங்க அம்மா?" பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். தோட்டத்து லயத்தில் யார் யாருக்குப் பிரசவம் பார்த்தார்கள், எந்தப் பெண் எந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள், யாருடைய பிள்ளையை யார் பால் கொடுத்து வளர்த்தார்கள், எல்லாம் வந்தது. சிலரைப் பற்றி மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எக்செல்லில் தட்டிக்கொண்டே வந்தேன். மாலைக்குள் முப்பத்தொரு பெயர், அதில் இருபது பெண்கள். தாத்தாவின் பட்டியலில் மொத்தமே ஆறு பெயர்தான்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இதெல்லாம் எதுக்குடா எழுதிக்கிற? அங்க எங்கயாச்சும் நெலம் கெடக்குதா?"